வளர்ந்த ஏஞ்சல் மீனுடன் எந்த மீன்களை வளர்க்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏஞ்சல் மீனைப் பெரும்பாலோர் கட்டைவிரல் அளவுக் குஞ்சாகத்தான் வாங்குகிறார்கள். அப்போது அது எல்லா மீன்களுடனும் ஒத்துப்போகிறது. முழு வளர்ச்சி அடைந்த பிறகே, அதனுடன் எதை விடலாம், எதை விடக் கூடாது என்ற சந்தேகங்கள் எழுகின்றன. அவற்றுள் என் காதில் அடிக்கடி விழுந்தவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நன்னீர் ஏஞ்சலைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறோம். அதே பெயரால் அழைக்கப்படும் கடல் மீன் முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது.

ஏஞ்சல் சாதுவான மீன் என்றுதானே சொல்லிக் கொடுத்தார்கள்? அப்படியானால் எதனோடும் விடலாம் அல்லவா?

சாது என்பது அதன் குஞ்சுப் பருவத்துக்கு மட்டுமே பொருந்தும். ஏஞ்சல், அமேசான் ஆற்றுப் படுகையைச் சேர்ந்த சிக்லிட் குடும்பத்து மீன்; ஆஸ்கரும் டிஸ்கஸும் அதன் உறவினங்கள். தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு காப்பதும், வாயில் அடங்கும் எதையும் விழுங்கிப் பார்ப்பதும் இந்தக் குடும்பத்தின் பொதுக் குணங்கள். ஏறத்தாழ 8 முதல் 12 மாத வயதில் பருவமடையும்போது இந்த இரண்டு குணங்களும் ஏஞ்சலிடமும் தலைகாட்டத் தொடங்கும்.

ஆகவே, ஒரு மீன் ஏஞ்சலுக்கு ஏற்ற துணையா என்பதை அது சாதுவா முரடா என்று மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. நான் நான்கு சோதனைகளை வைத்துக்கொள்கிறேன். முதலாவது வாய்ச் சோதனை: அந்த மீன் ஏஞ்சலின் வாயில் அடங்குமா? இரண்டாவது துடுப்புச் சோதனை: அது ஏஞ்சலின் நீண்ட துடுப்புகளைக் கடிக்குமா, அல்லது அதன் துடுப்பை ஏஞ்சல் கடிக்குமா? மூன்றாவது நீர்ச் சோதனை: இரண்டுக்கும் ஒரே வெப்பநிலையும் ஒரே வகை நீரும் ஒத்துவருமா? நான்காவது இடச் சோதனை: தொட்டியின் எந்த மட்டத்தில் அது நீந்துகிறது, எவ்வளவு வேகமாக நீந்துகிறது? கீழே உள்ள பதில்களில் பலவும் இந்த நான்கில் ஒன்றுக்குத் திரும்பி வரும்.

என்னிடம் இருப்பது 60 லிட்டர் தொட்டி. ஒரு ஜோடி ஏஞ்சலும் வேறு சில மீன்களும் வைக்கலாமா?

வைக்கக் கூடாது. வளர்ந்த ஏஞ்சலின் உடல் மட்டும் ஏறத்தாழ 15 செ.மீ. நீளம் இருக்கும், மேல் துடுப்பு நுனியிலிருந்து கீழ்த் துடுப்பு நுனி வரை அளந்தால் உயரம் 20 செ.மீ.-ஐத் தாண்டும். இந்த மீனுக்கு நீளத்தைப் போலவே உயரமும் முக்கியம் என்பதால், குறைந்தது 45 முதல் 50 செ.மீ. உயரமுள்ள தொட்டி வேண்டும். ஒரு ஜோடியை மட்டும் வைத்துக்கொள்ளவே 110 லிட்டருக்குக் குறையாத கொள்ளளவு தேவை. துணை மீன்களும் வேண்டுமென்றால் 200 லிட்டருக்குக் கீழே யோசிக்காமல் இருப்பது நல்லது. கூட்டாளிகளைப் பற்றிய தகராறுகளில் பாதி, உண்மையில் மீனைப் பற்றியவை அல்ல, இடப் பற்றாக்குறையைப் பற்றியவை. துரத்தப்படும் மீன் பார்வையிலிருந்து மறைய ஓர் இடம் இருந்தால் துரத்தல் சில நொடிகளில் முடிந்துவிடும். மறைவிடம் இல்லாத சிறு தொட்டியில் அதே துரத்தல் நாள் முழுவதும் நீடிக்கும்.

நியான் டெட்ராவும் ஏஞ்சலும் ஒரே ஆற்றுப் படுகையில் வாழ்பவைதானே, பிறகு ஏன் சேர்க்க வேண்டாம் என்கிறீர்கள்?

ஒரே ஆற்றில் வாழ்வது உண்மை. ஆனால் அங்கே ஒன்று இரையாகவும் மற்றொன்று இரை தேடுவதாகவும் வாழ்கின்றன. நியான் டெட்ரா முழு வளர்ச்சியில் 3 செ.மீ.-ஐச் சற்றே தாண்டும், உடலும் ஒல்லியானது. வளர்ந்த ஏஞ்சலின் வாய் நாம் நினைப்பதைவிட அகலமாகத் திறக்கும். வாய்ச் சோதனையில் நியான் தேறாது. கார்டினல் டெட்ரா சற்றுப் பெரியது என்றாலும் அதே ஒல்லி வடிவம் என்பதால் அதையும் பாதுகாப்பானது என்று சொல்ல மாட்டேன்.

இந்த வேட்டை பெரும்பாலும் நம் கண்ணில் படாது. விளக்கு அணைந்த பின்னரும் விடியும் வேளையிலும், அரைத் தூக்கத்தில் நிலைத்து நிற்கும் சிறு மீன்களை ஏஞ்சல் எளிதில் பிடித்துவிடும். காலையில் எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்திருக்கும், உடலும் கிடைக்காது. நோயில் இறந்திருந்தால் பெரும்பாலும் உடலோ அதன் மிச்சமோ தென்படும் என்பதால், தடயமே இல்லாமல் மீன்கள் குறைவது தொடர்ந்தால் ஏஞ்சலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அப்படியானால் எந்த டெட்ராவைத்தான் விடலாம்?

உடல் உயரமாகவும் சற்றுத் தடித்தும் இருக்கும் வகைகளைப் பாருங்கள். வாயில் அடங்குவதைத் தீர்மானிப்பது நீளத்தைவிட உடலின் உயரமே. லெமன் டெட்ரா 4 முதல் 5 செ.மீ. வரைதான் வளரும், ஆனால் அதன் உடல் நியானைவிட நன்றாகவே அகன்றது. பிளீடிங் ஹார்ட் டெட்ரா இன்னும் பெரியது. காங்கோ டெட்ராவில் ஆண் 8 செ.மீ. வரை வளரும் என்பதால் விழுங்கப்படும் அச்சமே இல்லை; ஆனால் அதற்கு நீந்த நீளமான தொட்டி வேண்டும்.

ரம்மிநோஸ் டெட்ராவை நான் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. அது ஒல்லிதான், ஆனாலும் 5 செ.மீ. அளவுக்கு வளர்வதாலும், மிக நெருக்கமான கூட்டமாக நீந்துவதாலும், 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பம் அதற்கும் ஏஞ்சலுக்கும் ஒன்றுபோல் ஒத்துவருவதாலும், பெரும்பாலான தொட்டிகளில் நன்றாக நிலைத்துவிடுகிறது. முழுமையாக வளர்ந்தவற்றையே வாங்க வேண்டும் என்பது இதில் தவிர்க்க முடியாத நிபந்தனை. எந்த டெட்ராவானாலும் 8 அல்லது 10 எண்ணிக்கைக்குக் குறைக்காதீர்கள். கூட்டம் சிறுத்தால் டெட்ராக்கள் ஒன்று ஒடுங்கிப்போகும், அல்லது தங்களுக்குள் காட்ட வேண்டிய சண்டையைப் பக்கத்து மீன்மேல் காட்டும்.

தவிர்க்க வேண்டியவை செர்ப்பே டெட்ராவும் புவனஸ் அயர்ஸ் டெட்ராவும். இரண்டுமே துடுப்பைக் கடிப்பதில் பேர்போனவை. பிளாக் விடோ டெட்ரா இடைப்பட்ட இனம்: பெரிய கூட்டமாக இருந்தால் அடங்கியிருக்கும், மூன்று நான்கு மட்டும் இருந்தால் கடிக்கும்.

டைகர் பார்பைப் பெரிய கூட்டமாக விட்டால் கடிக்காது என்கிறார்களே, அது உண்மையா?

பெரிய கூட்டத்தில் அவற்றின் கவனம் தங்களுக்குள்ளேயே திரும்பிவிடும் என்பது ஓரளவு உண்மை. ஆனால் அது குறைவான கடியே தவிர, கடியே இல்லை என்பதல்ல. ஏஞ்சலின் வயிற்றுத் துடுப்புகள் நூலைப் போல் நீண்டு, மெதுவாக ஆடிக்கொண்டிருக்கும். ஏஞ்சலோ விரைந்து விலகத் தெரியாத மீன். டைகர் பார்புக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கு வேறில்லை. கிழிந்த துடுப்பில் பாக்டீரியாத் தொற்று ஏற்பட்டு அழுகல் தொடங்கும்போதுதான் பலரும் கவனிக்கிறார்கள். இந்தச் சேர்க்கையை நான் எந்த அளவுத் தொட்டிக்கும் பரிந்துரைப்பதில்லை.

தொட்டியின் அடியில் வாழும் மீன்களில் எவை ஒத்துவரும்?

கோரிடோரஸ் வகைகளே முதல் தேர்வு. ஏஞ்சல் நடுமட்டத்திலும் மேல்மட்டத்திலும் வாழ்கிறது, கோரிடோரஸ் தரையிலேயே மேய்கிறது, இரண்டும் குறுக்கிடுவதே அரிது. ஆனால் நீர்ச் சோதனையை இங்கே மறந்துவிடக் கூடாது. பாண்டா கோரிடோரஸும் பெப்பர்டு கோரிடோரஸும் குளிர்ந்த நீரை விரும்புபவை. ஏஞ்சலுக்கு ஏற்ற 26, 27 டிகிரியில் நீண்ட காலம் வைத்தால் அவற்றின் உடல்நலம் குன்றும். ஸ்டெர்பாய் கோரிடோரஸ் வெப்பத்தை நன்றாகத் தாங்கும் என்பதால் ஏஞ்சல் தொட்டிக்கு அதையே சொல்வேன். ஆறு மீன்களாவது வேண்டும், தரையில் மென்மையான மணல் வேண்டும், தரைக்கு மூழ்கும் உணவு தனியே போட வேண்டும். ஏஞ்சல் தின்றது போக மிச்சத்தைத் தின்று அவை வாழ்ந்துகொள்ளும் என்ற எண்ணம் அவற்றைப் பட்டினி போடும்.

குள்ளக் கோரிடோரஸ் வகைகளை மட்டும் விட வேண்டாம். கோரிடோரஸ்களின் முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் கெட்டியான முள் உண்டு. ஆபத்து வந்தால் அவற்றை விரித்துப் பூட்டிக்கொள்ளும். 2.5 செ.மீ. மட்டுமே உள்ள குள்ள வகையை ஏஞ்சல் விழுங்க முயன்றால் முள் தொண்டையில் சிக்கி இரண்டுமே சாகக்கூடும். ஓட்டோசின்க்ளஸ் என்ற சிறு பாசி தின்னி மீனுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

குஹ்லி லோச் முழு வளர்ச்சி பெற்றதாக இருந்தால் பரவாயில்லை. சிறிதாக இருந்தால் புழுவைப் போலவே தெரியும், ஏஞ்சலும் புழுவாகவே எடுத்துக்கொள்ளும்.

தொட்டியைச் சுத்தம் செய்ய ஒரு சக்கர் மீன் விடலாமா?

எந்த மீனும் தொட்டியைச் சுத்தம் செய்வதில்லை; அதுவும் தின்று கழிவை விடத்தான் செய்கிறது. சக்கர் என்று பொதுவாக விற்கப்படும் சாதாரண பிளெக்கோ 40 செ.மீ.-ஐ எட்டக்கூடியது. பாசி போதாத தொட்டியில் அது இரவில் ஏஞ்சலின் தட்டையான பக்கங்களில் ஒட்டிக்கொண்டு உடலின் வழவழப்புப் படலத்தை உறிஞ்சப் பழகிவிடலாம். சைனீஸ் ஆல்கே ஈட்டர் என்ற மீனும் வளர்ந்த பிறகு இதையே செய்யும். பாசிக்காக ஒன்று வேண்டுமென்றால் பிரிஸ்டில்நோஸ் பிளெக்கோவைத் தேர்ந்தெடுங்கள். 12 முதல் 15 செ.மீ.-க்குள் நின்றுவிடும், ஒரு மரத்துண்டும் ஒரு குகையும் கொடுத்தால் தன் பாட்டில் இருக்கும்.

கப்பி, மோலி, பிளாட்டி இவற்றில் எதை விடலாம்?

கப்பி வேண்டாம். ஆண் கப்பி வாய்ச் சோதனையிலும் துடுப்புச் சோதனையிலும் ஒருசேரத் தோற்கும். அதன் குஞ்சுகள் ஒன்றுகூட மிஞ்சாது. பிளாட்டியும் மோலியும் உடல் பருமனால் தப்பிக்கும். ஆனால் மோலி கடினமான, காரத்தன்மையுள்ள நீரில்தான் செழிக்கும். ஏஞ்சல் மென்மையான, பி.எச். 6 முதல் 7.5 வரையுள்ள நீரை விரும்பும். தொட்டிகளிலேயே தலைமுறைகளாக வளர்க்கப்பட்ட ஏஞ்சல்கள் ஓரளவு கடின நீரையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால், உங்கள் நீர் இயல்பாகவே நடுத்தரமாக இருந்தால் பிளாட்டியை முயன்று பார்க்கலாம்.

கோல்டு பிஷ்? பைட்டர்?

இரண்டும் கூடாது. கோல்டு பிஷ் குளிர்ந்த நீர் மீன், கழிவும் அதிகம். பைட்டருக்கும் ஏஞ்சலுக்கும் நீண்ட துடுப்புகள் உண்டு, இரண்டுக்கும் இடப்பற்றும் உண்டு. யார் யாரைக் கிழிப்பார் என்பது மட்டுமே தெரியாது.

கௌராமி நூல் போன்ற மீசையுடன் மெதுவாக நீந்துகிறதே, அது ஏஞ்சலுக்குப் பொருந்துமா?

பேர்ல் கௌராமி நன்றாகவே பொருந்தும். 10 செ.மீ.-க்கு மேல் வளரும், வேகம் குறைவு, குணமும் மென்மை. நீலக் கௌராமியின் ஆண் மட்டும் மேல்மட்டத்தைத் தன் சொத்தாக எண்ணி ஏஞ்சலுடன் மோதும். எந்தக் கௌராமியாக இருந்தாலும், நீங்கள் கேட்ட அந்த மீசை நூல்களை ஏஞ்சல் கொத்துகிறதா என்று முதல் சில வாரங்கள் கவனியுங்கள். மிதக்கும் செடிகள் இருந்தால் இரண்டும் ஒன்றன் கண்ணில் மற்றொன்று படாமல் ஒதுங்க முடியும்.

சிக்லிட் குடும்பத்திலேயே வேறு மீன் சேர்க்க விரும்புகிறேன். ஆஸ்கர், ரேம், டிஸ்கஸ் இவற்றில் எது சரி?

ஆஸ்கர் 30 செ.மீ. வளரும் மீன், அதனருகில் ஏஞ்சல்தான் இரையாகும். பிளவர்ஹார்ன் போன்ற முரட்டு வகைகளுக்கும் இதே பதில். பொலிவியன் ரேம் நல்ல தேர்வு: 8 செ.மீ. அளவில் நின்று, தரையை ஒட்டியே வாழும். ஜெர்மன் ரேமுக்கு 27 டிகிரிக்குக் குறையாத வெப்பம் வேண்டும், நீரின் தூய்மை சிறிது குறைந்தாலும் துவண்டுவிடும். கீஹோல் சிக்லிட் மிகவும் கூச்ச சுபாவமுள்ளது. அமைதியான ஒற்றை ஏஞ்சலுடன் மட்டும் சேர்க்கலாம்.

டிஸ்கஸ் பற்றித்தான் கருத்து வேறுபாடு அதிகம். வடிவத்திலும் பிறந்த இடத்திலும் இரண்டும் நெருங்கியவை, தொட்டியில் சேர்ந்து நிற்கும்போது அழகாகவே இருக்கும். எனினும் டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி வேண்டும். ஏஞ்சல் அதைத் தாங்கும், ஆனால் அது அதற்கு உகந்த வெப்பத்தின் மேல் எல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் உணவு வேளையில் வரும். டிஸ்கஸ் தயங்கித் தயங்கித் தின்னும், ஏஞ்சல் பாய்ந்து முடித்துவிடும். வெளிப்பார்வைக்கு நலமாக இருக்கும் ஏஞ்சலிடமிருந்து ஒட்டுண்ணிகள் டிஸ்கஸுக்குப் பரவும் என்ற அச்சமும் வளர்ப்போரிடையே உண்டு. டிஸ்கஸ்தான் உங்கள் முதல் விருப்பம் என்றால் ஏஞ்சலை விட்டுவிடுங்கள்.

சில்வர் ஷார்க், ரெட் டெயில் ஷார்க், கிளவுன் லோச் எல்லாம் சிறியவையாகத்தானே இருக்கின்றன?

வாங்கும்போது மட்டுமே சிறியவை. சில்வர் ஷார்க் 30 செ.மீ.-ஐத் தாண்டும், அதன் வேகமே ஏஞ்சலை நிலைகுலைய வைக்கும். கிளவுன் லோச்சும் 20 செ.மீ.-க்கு மேல் வளரக்கூடியது, அதுவும் கூட்டமாக வைக்க வேண்டியது. ரெட் டெயில் ஷார்க் அவ்வளவு பெரிதாகாது. ஆனால் தன் எல்லைக்குள் வரும் யாரையும் விடாமல் விரட்டும்.

இறாலும் நத்தையும் விடலாமா?

செர்ரி இறால் ஏஞ்சலுக்கு விலை உயர்ந்த தீனி, அவ்வளவுதான். 5 செ.மீ. அளவுள்ள அமானோ இறால் அடர்ந்த செடிகளுக்கிடையே தப்பிப் பிழைக்க வாய்ப்புண்டு; ஆனால் ஓடு கழற்றும் நாள்களில் அதன் உடல் மென்மையாகிவிடும் என்பதால் அப்போது அதற்குப் பாதுகாப்பு இல்லை. நெரைட் நத்தை தாராளமாக விடலாம். மிஸ்டரி நத்தையின் நீண்ட உணர்கொம்புகளைச் சில ஏஞ்சல்கள் கொத்தும்.

ஏஞ்சலுக்குத் துணை இன்னொரு ஏஞ்சல்தானே? எத்தனை வைக்கலாம்?

இங்கேதான் அதிகச் சேதம் நடக்கிறது. எதேச்சையாக வாங்கிய இரண்டு ஏஞ்சல்கள் இணையாக அமையாவிட்டால், வலியது எளியதை இடைவிடாமல் விரட்டும். மூன்று இருந்தால், இரண்டு இணைசேர்ந்து மூன்றாவதை மூலைக்குத் தள்ளிவிடும். குஞ்சுகளாக ஐந்து அல்லது ஆறு சேர்த்து வாங்கி ஒன்றாக வளர்த்தால் தங்களுக்குள் ஒரு வரிசைமுறை அமைந்து, அடி ஒன்றின்மீதே விழாமல் பரவிப்போகும். பிறகு ஓர் இணை பிரிந்து அமையும்போது மற்றவற்றை வேறிடம் மாற்ற ஆயத்தமாக இருக்க வேண்டும். இணைசேர்ந்திருப்பதே ஆணும் பெண்ணும் என்பதற்கு உறுதியாகாது. இரண்டு பெண்கள் இணைந்து பொரியாத முட்டைகள் இடுவதும் உண்டு.

பல இன மீன்கள் வாழும் தொட்டிதான் உங்கள் நோக்கம் என்றால், என் தேர்வு ஒரே ஒரு வளர்ந்த ஏஞ்சல். அது தனித்திருந்து வாடுவதில்லை. முட்டை காக்கும் வேலை இல்லாததால் மற்ற மீன்களுக்கும் நிம்மதி.

ஓராண்டு அமைதியாக இருந்த என் ஜோடி, திடீரென்று எல்லா மீன்களையும் மூலைக்கு விரட்டுகிறது. ஏதாவது நோயா?

நோயல்ல, முட்டையிடப் போகின்றன அல்லது இட்டுவிட்டன. அகன்ற செடி இலை, வடிகட்டியின் குழாய், கண்ணாடிச் சுவர் போன்ற செங்குத்தான பரப்புகளைப் பாருங்கள்; சிறு மணிகளாக முட்டைகள் வரிசையில் ஒட்டியிருக்கும். 27 டிகிரி அளவில் இரண்டு மூன்று நாள்களில் பொரிந்து, முட்டையிட்ட ஏறத்தாழ ஒரு வாரத்தில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். இந்தக் காலம் முழுவதும் இணை தொட்டியின் பாதியைக் காவல் காக்கும். முன்பு ஏற்றதாக இருந்த கோரிடோரஸும் பிளெக்கோவும் இப்போது முட்டைத் திருடர்களாகவே கருதப்படும். இரவில் பிளெக்கோ முட்டைகளைத் தின்பதும் உண்டு என்பதால் அந்தச் சந்தேகம் நியாயமானதே.

முட்டைகளை அகற்றினால் பிரச்சினை தீரும் என்று எண்ண வேண்டாம். நல்ல உணவு கிடைக்கும் இணை ஓரிரு வாரங்களில் மீண்டும் முட்டையிடும். இணையைத் தனித் தொட்டிக்கு மாற்றுவதே நிலையான வழி. அது முடியாதபோது தொட்டியின் குறுக்கே தடுப்பு வைக்கலாம்.

வளர்ந்த ஏஞ்சல் ஏற்கெனவே இருக்கும் தொட்டியில் புதிய மீன்களை எப்படிச் சேர்ப்பது?

முடிந்தால் துணை மீன்களை முதலில் குடியமர்த்தி ஏஞ்சலைக் கடைசியில் விட வேண்டும். ஏஞ்சல் முந்திக்கொண்டிருந்தால், புதிய மீன்களை விடும் நாளில் கற்களையும் மரத்துண்டுகளையும் செடிகளையும் இடம் மாற்றி வையுங்கள். அதன் பழைய எல்லைகள் குலைந்துவிடும். ஏஞ்சலுக்கு முதலில் வயிறு நிறைய உணவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு மீன்களை விடுங்கள்.

இங்கே ஒரு முரண்பாடு உண்டு. கூட்டமாக வாழும் மீன்களை ஒரே நேரத்தில் விட்டால்தான் ஏஞ்சலின் கவனம் ஒன்றின்மீது குவியாது. ஆனால் ஒரே நேரத்தில் விட்டால் வடிகட்டியின்மீது சுமை ஏறி அம்மோனியா உயரலாம். நன்கு பழகிய, அதாவது கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா ஏற்கெனவே குடியேறிய வடிகட்டி இருந்தால் கூட்டத்தை ஒன்றாகவே விட்டு, முதல் வாரம் உணவைக் குறைத்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்கின்றனவா என்று நாள்தோறும் பரிசோதியுங்கள். புதிய மீன்களை மூன்று நான்கு வாரங்கள் தனிமைத் தொட்டியில் வைத்திருந்து கவனிப்பது இவை எல்லாவற்றுக்கும் முந்தைய படி. அந்தத் தொட்டிக்கு வலையும் தனியாக இருக்கட்டும்.

என் நண்பர் தொட்டியில் நியானும் ஏஞ்சலும் இரண்டு ஆண்டுகளாக ஒன்றாக வாழ்கின்றன. அப்படியானால் நீங்கள் சொன்னது தவறா?

நண்பர் சொல்வது உண்மையாகவே இருக்கும். குஞ்சாக விடப்பட்ட ஏஞ்சல், ஏற்கெனவே வளர்ந்த நியான்களைப் பார்த்துப் பார்த்துப் பழகினால் அவற்றை இரையாக எண்ணாமலே இருந்துவிடுவது உண்டு. செடிகள் அடர்ந்து, உணவும் தவறாமல் கிடைத்தால் அந்த வாய்ப்பு இன்னும் கூடும். ஏஞ்சல்களுக்குள்ளும் தனித்தனிக் குணம் உண்டு. ஒரே முட்டைக் கூட்டத்தில் பிறந்தவற்றிலேயே ஒன்று வேட்டையாடும், மற்றொன்று திரும்பியும் பார்க்காது.

ஆனால் அந்தப் பழக்கம் அந்த நியான்களுக்கு மட்டுமே பொருந்தும். இறந்தவற்றுக்குப் பதிலாக நண்பர் புதிய சிறு நியான்களை வாங்கி விட்டால், வளர்ந்துவிட்ட ஏஞ்சலுக்கு அவை புதிய உணவாகவே தெரியும். நீங்கள் இப்போது வளர்ந்த ஏஞ்சலை வைத்துக்கொண்டு தொடங்குகிறீர்கள் என்பதால், உங்கள் நிலை அவருடைய தொடக்க நிலையிலிருந்து வேறானது.

சேர்த்துவிட்டேன். ஒத்துப்போகிறதா இல்லையா என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

அவ்வப்போது ஒரு துரத்தல் இருப்பது இயல்பு. துரத்தப்பட்ட மீன் சிறிது நேரத்தில் திரும்பி வந்து மேய்ந்தால் கவலை வேண்டாம். துடுப்புகளை உடலோடு ஒட்டி மடக்கி வைத்திருப்பது, ஹீட்டருக்குப் பின்னாலோ நீர்மட்டத்தின் மூலையிலோ நாள் முழுவதும் நிற்பது, உணவு வேளையிலும் வெளியே வராமல் இருப்பது, துடுப்பு நுனி கந்தலாவது ஆகியவை ஒத்துப்போகாததன் அறிகுறிகள். ஏஞ்சலே பாதிக்கப்பட்டால் அதன் கோடுகள் வழக்கத்துக்கு மாறாகக் கருக்கும் அல்லது வெளிறும். பகலில் மட்டும் பார்ப்பது போதாது. விளக்கு அணைந்து அரை மணி நேரம் கழித்து மங்கிய வெளிச்சத்தில் ஒருமுறை பார்ப்பது அவசியம்.

இந்த அறிகுறிகள் இரண்டு மூன்று நாள்கள் தொடர்ந்தால் பிரித்துவிடுங்கள். அடிபட்ட மீனுக்குக் காயம் இருந்தால் அதைத் தனித் தொட்டியில் வைத்துத் தேற்ற வேண்டும். காயம் இல்லையென்றால் விரட்டும் மீனையே எடுத்து ஒரு வாரம் வேறிடத்தில் வைத்து, தொட்டியின் அமைப்பை மாற்றிவிட்டுத் திரும்ப விடலாம். அதற்குள் மற்ற மீன்கள் இடம் பிடித்துக்கொண்டிருக்கும், திரும்பி வருவது புதிதாக வந்த மீனின் நிலையில் இருக்கும். அப்படியும் விரட்டல் தொடங்கினால் அந்தச் சேர்க்கையைக் கைவிட்டு, இரண்டில் ஒன்றுக்கு நிரந்தரமாக வேறு தொட்டி பாருங்கள்.